ஜக்கையன் எனக் கொள்க

அண்ணே, கடிகாரத்தைக் கொஞ்சம் இங்கிட்டுத் திருப்பி வச்சுக்கோங்க, சன்னல் கம்பி இடிச்சா கண்ணாடி போயிரும். ஆங், அப்படித்தான். கிரகப்பிரவேசத்துக்கா? தாளைச் சுத்தியிருந்தாலும் உள்ளே டிக் டிக்குன்னு கேட்குதே. கடைக்காரர் பேட்டரியையும் போட்டே கொடுத்துட்டாரா? எங்க மாமு புது வீட்டுக்குப் பால் காய்ச்சினப்போ வந்தது எல்லாமே கடிகாரம்தான். எல்லாத்தையும் மாட்டி வச்சிருக்காரு. எந்த ரெண்டும் ஒரே நேரம் காட்டாது.

நீங்க கம்பம் வரைக்குமா? நான் பாளையத்துல இறங்கிருவேன். அதுக்குள்ள உங்ககிட்ட ஒரு நியாயம் கேட்கணும். உங்களை எனக்குத் தெரியாது, அதனாலதான் கேட்கிறேன். தெரிஞ்சவங்ககிட்ட கேட்டா, ‘டேய் மைக்கு, உனக்கு எதுலதான்டா விளையாட்டு இல்லை’ன்னு முதுகுல ஒண்ணு வைப்பாங்க. மைக்குங்கிறது நான்தான். பள்ளிக்கூடத்துல வச்ச பேரு. வீட்டுல வச்ச பேரு சிக்கந்தர். ஒன்பதாவது படிக்கிறேன். எல்லார் குரலும் எனக்கு வரும்.

நம்பலையா? இருங்க. ‘ஏய் உள்ள வா, உள்ள வா, உள்ள எடம் கெடக்கு! படியில என்ன பரம்பரைப் பட்டாவா வாங்கி வச்சிருக்க? உள்ள வா!’

பார்த்தீங்களா, வாசல்ல நின்ன ரெண்டு பேரும் நகர்ந்துட்டாங்க. கண்டக்டர் பின்னாடி பாட்டிக்குச் சில்லறை எண்ணிக்கிட்டிருக்காரு. அது நான். சிரிக்காதீங்க, திரும்பிப் பார்ப்பாரு.

விஷயம் இதுதான். போடியில ஒரு அம்மா. அவங்க பேரு தனக்கொடி. அவங்க மகன் ஜக்கையன் என் பக்கத்துல உட்கார்ந்து படிச்சவன். இப்போ இல்லை. அய்ப்பசி மழையில காய்ச்சல் வந்து செத்துப் போயிட்டான். அந்த அம்மா போன வாரம் எங்க அத்தாவுக்குப் போன் போட்டு, ‘உங்க மகன் எல்லார் மாதிரியும் பேசுவானாமே, என் மகன் மாதிரி ஒரு தடவை பேசச் சொல்ல முடியுமா’ன்னு கேட்டிருக்காங்க. எங்க அத்தாவுக்குப் பாளையத்துல கோழிக்கடை. ‘தோலோடயா, தோலுரிச்சா? தோலோடயா, தோலுரிச்சா?’ அந்த மனுஷன் இதைத் தவிர வேற பேசி நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. அன்னைக்குப் போனைக் காதுல வச்சுக்கிட்டு ‘சரிம்மா... சரிம்மா’ன்னு மட்டும் சொன்னாரு. வச்சுட்டு என்னைப் பார்த்து, ‘ஞாயித்துக்கிழமை போயிட்டு வா, கடையை நான் பார்த்துக்கிறேன்’னாரு. ஞாயித்துக்கிழமை! மகனை ஞாயித்துக்கிழமை வெளியூர் அனுப்புற கோழிக்கடைக்காரரை நீங்க எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?

போயிட்டு இப்போ திரும்பிக்கிட்டிருக்கேன். அங்கே நடந்ததுதான் எனக்குப் புரியலை. நான் எங்கே தப்புப் பண்ணினேன்னு நீங்க சொல்லணும்.

முதல்ல என் தொழில் ரகசியத்தைச் சொல்லிடறேன், அப்போதான் விளங்கும். ஒவ்வொரு ஆளுக்குள்ளேயும் ஒரு துண்டு இருக்கும். அது திரும்பத் திரும்ப வரும். எங்க ஹெச்.எம். தொண்டையைக் கனைப்பாரு, ‘மாணவச் செல்வங்களே’ம்பாரு, மறுபடியும் கனைப்பாரு. எங்க கணக்கு சார் அம்மையப்பனுக்கு ‘அதாவது’. ‘அதாவது... போர்டைப் பாரு. அதாவது... என் மூஞ்சியில என்ன இருக்கு, போர்டைப் பாரு.’ அந்தத் துண்டு கிடைச்சாப் போதும், ஆள் கிடைச்ச மாதிரி. மீதியெல்லாம் நாமளே போட்டு நிரப்பிக்கலாம், எவனுக்கும் தெரியாது.

ஆடி மாசம் ஒரு நாள் ஆபீஸ் ரூம்ல யாரும் இல்லை. மைக் இருந்தது. நானும் இருந்தேன். ‘ம்ஹும்... மாணவச் செல்வங்களே... ம்ஹும்... கருமேகங்கள் சூழ்ந்து வருகின்ற காரணத்தினால், அனைவரும் வரிசையாக வீடு செல்லலாம்.’ பாதிப் பள்ளிக்கூடம் கேட்டுக்குப் போயிருச்சு. அதுல என்ன கூத்துன்னா, ஹெச்.எம். அப்போ கக்கூஸுக்குள்ள இருந்திருக்காரு. உள்ளே உட்கார்ந்துகிட்டு வெளியில தன் குரல் லீவு விடறதைக் கேட்டிருக்காரு. ‘ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துருச்சுய்யா’ன்னு பியூன்கிட்ட சொன்னாராம். அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் கொடிக் கம்பத்துக்குக் கீழே முட்டி போட்டேன். எல்லாரும் வந்து கைதட்டிட்டுப் போனாங்க. ஜக்கையன் மட்டும் தண்ணி பாட்டிலோட வந்து, ‘கொஞ்சம் இடது பக்கம் நகரு, கம்பத்து நிழல் முகத்துல விழும்’னு சொல்லிட்டுப் போயிட்டான். கம்பத்து நிழல் எவ்வளவு அகலம் இருக்கும் சொல்லுங்க? ரெண்டு விரல். அதைப் போய்ச் சொல்றான்.

அவன் அப்படித்தான். சப்புன்னு இருப்பான். அவன் குரல்ல ஏத்தமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. ஒரு வார்த்தையை ரெண்டாவது தடவை சொல்ல மாட்டான். ‘பேனாவை மூடு, மை காஞ்சிரும்.’ இதுல என்ன மிமிக்ரி பண்ணுவீங்க? ‘குனிஞ்சு வா, அங்கே ஆணி இருக்கு.’ இதை மேடையில பேசினா எவன் கைதட்டுவான்? எல்லாப் பயலையும் பிடிச்சேன், அவனை மட்டும் பிடிக்கலை. பிடிக்கிறதுக்கு அவன்கிட்ட ஒண்ணும் இல்லைன்னு நினைச்சேன்.

சிலமலை வந்துருச்சு. காலை உள்ளே இழுத்துக்கோங்கண்ணே, ஏறுறவங்க மிதிச்சிருவாங்க.

கணக்குல மெய்யெண்கள்னு ஒரு பாடம். விகிதமுறு எண், விகிதமுறா எண். நீங்க படிச்சிருப்பீங்க, மறந்திருப்பீங்க. அம்மையப்பன் சார் ஒண்ணை ஏழால வகுக்கச் சொன்னாரு. வகுத்துக்கிட்டே போனா 0.142857, மறுபடியும் 142857, மறுபடியும் 142857. செக்கு மாடு மாதிரி. ‘அதாவது... இது விகிதமுறு எண். முடியாது, ஆனா சுழலும். சுழல்ற பகுதிக்கு மேல ஒரு கோடு போட்டுட்டா வேலை முடிஞ்சுது, அதாவது... அதுக்கு மேல எழுத வேண்டியதில்லை.’

ஜக்கையன் என் பக்கம் சாஞ்சு, ‘டேய், நீ பண்றதும் இதுதானே’ன்னான்.

‘எதுடா?’

‘மிமிக்ரி. சாரோட அதாவது மேல கோடு போட்டுட்ட. அவர் விகிதமுறு எண்.’

சத்தியமாச் சொல்றேன், அன்னைக்கு வரைக்கும் கணக்குப் பாடத்துல ஒண்ணு புரிஞ்சதுன்னா அதுதான். அப்புறம் பள்ளிக்கூடத்தையே நாங்க பிரிச்சுட்டோம். ஹெச்.எம். விகிதமுறு. பியூன் விகிதமுறு. சத்துணவு அக்கா, ‘தட்டை நீட்டு, தட்டை நீட்டு’, விகிதமுறு. எங்க அத்தா ரொம்பச் சின்ன எண், பாதி மாதிரி, 0.5, ஒரே இடத்துல முடிஞ்சிருவாரு.

அடுத்த வாரம் ரூட் ரெண்டு வந்தது. இது விகிதமுறா எண், இதுக்கு முடிவும் இல்லை, சுழற்சியும் இல்லைன்னாரு சார். நான் விடுவேனா? ‘எல்லாத்துலயும் துண்டு இருக்கும்டா, சாருக்குத் தேடப் பொறுமை இல்லை’ன்னேன். ஜக்கையன் சிரிச்சான். சரி, பந்தயம். நான் கண்டுபிடிச்சுட்டா அவன் ஆண்டு விழா மேடையில என் கூட நிக்கணும். நான் கண்டக்டர், அவன் டிக்கெட் எடுக்காத பயணி. கண்டுபிடிக்கலைன்னா? ‘கண்டுபிடிக்கலைன்னா தேடிக்கிட்டே இரு, உனக்கும் ஒரு வேலை வேணும்ல’ன்னான்.

கடையில முட்டை மடிக்கிற பேப்பர்ல போட ஆரம்பிச்சேன். வர்க்கமூலத்தை வகுத்து வகுத்து எடுக்கிற முறை இருக்கே, அது. 1.4 வந்தது. அடுத்து 1. அடுத்து 4. அண்ணே, 14, 14! பேப்பரைத் தூக்கிக்கிட்டு அவன் வீட்டுக்கு ஓடினேன். அப்போ அவங்க பாளையத்துலதான் வாடகைக்கு இருந்தாங்க. ‘வந்துருச்சுடா, பதினாலு பதினாலு! மேல கோட்டைப் போடு!’

அவன் பேப்பரை வாங்கிப் பார்த்தான். ‘இன்னும் ஒரு இடம் போடு’ன்னான். போட்டேன். 2.

2! எங்கிருந்து வந்தது இந்த ரெண்டு? எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவங்க அம்மா உள்ளேயிருந்து, ‘என்ன சாமி, யாரு ரெண்டு?’ன்னு கேட்கிறாங்க. இவன் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறான். அவன் அப்படிச் சிரிச்சு அன்னைக்குத்தான் பார்த்தேன். எல்லாரையும் சிரிக்க வைக்கிற நான், அவனைச் சிரிக்க வச்சது ஒரு ரெண்டால.

அப்புறமும் விடலை. 1.41421356... போய்க்கிட்டே இருக்கும். ரெண்டு மூணு எண் பழைய மாதிரி வரும், மேல கோடு போடப் போவேன், அடுத்தது வேற ஏதாவது வந்து நிக்கும். கடைக்கு வர்றவங்க அத்தாகிட்ட, ‘என்ன ராவுத்தரே, முட்டை மேல கணக்கெல்லாம் இருக்கு’ன்னு கேட்பாங்க. பாளையத்துல பாதி வீட்டுக்கு ரூட் ரெண்டு முட்டையோட போயிருக்கும்.

கடைசியில ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு மணியில, ‘முடியலைடா, எழுதவே முடியாதது எப்படிடா இருக்கும்? எல்லாம் ஏமாத்து’ன்னேன். அவன் காம்பஸை எடுத்தான். டெஸ்க்குல ஒரு கோடு கீறி, பூச்சியம், ஒண்ணு, ரெண்டுன்னு குறிச்சான். ஒண்ணு மேல நேரா ஒரு கோடு, அதுவும் ஒண்ணு நீளம். பூச்சியத்துல இருந்து அதோட உச்சிக்கு ஒரு சாய்வுக் கோடு. ‘இந்தச் சாய்வோட நீளம்தான் ரூட் ரெண்டு’ன்னு சொல்லி, காம்பஸை அந்த நீளத்துக்கு விரிச்சு, முள்ளைப் பூச்சியத்துல ஊனி, கீழே கோட்டுக்கு ஒரு சுத்துச் சுத்தினான். ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல வந்து வெட்டுச்சு.

‘இங்கே இருக்கு’ன்னான்.

‘இங்கேன்னா?’

‘இங்கேதான். ஒரு நூல் அங்கிட்டும் இல்லை, இங்கிட்டும் இல்லை. எழுதத்தான் முடியாது. இல்லாமப் போயிருமா?’

‘எழுத முடியாததுக்கு எதுக்குடா ஒரு இடம்?’ன்னேன்.

‘கையை எடு, முள்ளு குத்தும்’னு சொல்லிட்டுச் சோத்து டப்பாவைத் திறந்துட்டான்.

இன்னொண்ணு. அதுக்கு அப்புறம் π வந்தது. சாரை மடக்கணும்னு எழுந்து நின்னு, ‘சார், π விகிதமுறா எண்ணுன்னு நேத்துச் சொன்னீங்க, இன்னைக்கு 22/7னு போடறீங்க. 22/7 வகுத்தா அதே 142857 சுழலுதே சார்’னேன். சாருக்கு வேர்த்துருச்சு. ‘அதாவது... புத்தகத்துல π = 22/7 எனக் கொள்கன்னு போட்டிருக்குல்ல? கொள்கன்னா கொள்ளணும். உட்காரு.’ பசங்க விசில் அடிச்சாங்க. ஜக்கையன் மட்டும் மெதுவா, ‘22/7 π இல்லைடா. π-யோட மிமிக்ரி. வேலைக்கு ஆகும். ஆனா மூணாவது இடத்துல மாட்டிக்கும்’னான்.

அதை அப்போ ஒரு ஜோக்குன்னுதான் எடுத்துக்கிட்டேன்.

தேவாரத்துல இன்னைக்குச் சந்தையா? இவ்வளவு கூட்டம். அந்தம்மா கூடையை உங்க மடி மேல வைக்கப் போறாங்க பாருங்க. ‘யக்கா, உள்ள வா, உள்ள வா, உள்ள எடம் கெடக்கு!’ போயிட்டாங்க.

அய்ப்பசியில ஒரு வெள்ளிக்கிழமை தலை வலிக்குதுன்னான். தொட்டுப் பார்த்தேன், அடுப்பு மாதிரி இருந்தது. ‘ஜக்கு, உன் தலையில முட்டை வேகும்டா’ன்னேன். அவங்க அம்மா வந்து கூட்டிட்டுப் போனாங்க. ‘உன் புத்தகப் பையை நான் கொண்டாரேன், நீ போ’ன்னேன். வாசல் வரைக்கும் போனவன் திரும்பி, ‘சும்மா தூக்காத, ஜிப்பு போயிருச்சு, அடியில கை கொடு’ன்னான்.

அதுதான் கடைசி. ஒரு மனுஷன் கடைசியாச் சொல்ற வார்த்தையாண்ணே இது? அடியில கை கொடு. ஏதாவது ஒண்ணு சொல்லியிருக்கலாம்ல? சாயங்காலம் பையைக் கொண்டு போனேன், அடியில கை கொடுத்துத்தான். வீடு பூட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. அதுக்கு அப்புறம் நான் பார்த்தப்போ அவன் பேசலை.

நான் அழலை. சொல்றேன், கேட்டுக்கோங்க. எல்லாப் பயலும் அழுதான், ஹெச்.எம். கனைச்சுக் கனைச்சு அழுதாரு, அதையும் நான் மனசுல பிடிச்சு வச்சுக்கிட்டேன். எனக்கு அழுகை வரலை. அவன் இடம் இப்போ காலியாத்தான் இருக்கு, காலை நீட்டிக்க வசதி. யாராவது உட்கார வந்தா எழுந்து ஓட வைக்கிறதுக்கு என்கிட்ட வழி இருக்கு. பெஞ்சுல பசை, சட்டையில ஓணான். புதுசா வந்த பையன் ஒருத்தனை மூணு பெஞ்சு தள்ளி அனுப்பிட்டேன். காலை நீட்டணும்ல.

அரைப் பரீட்சையில ஒரு கணக்கு வந்தது. எண் கோட்டில் ரூட் ரெண்டைக் குறிக்க. மத்தது எதுவும் நான் எழுதலை. அதை மட்டும் போட்டேன், ஒரு நூல் அங்கிட்டு இங்கிட்டு இல்லாம. பேப்பர் கொடுக்கும்போது அம்மையப்பன் சார் அதையே பார்த்துக்கிட்டு நின்னாரு. ‘அதாவது... இது மட்டும் எப்படிடா சரி? யாரைப் பார்த்து எழுதின?’ன்னாரு. கேட்டுட்டு என் பக்கத்து இடத்தைப் பார்த்தாரு. அப்புறம் ‘அதாவது’ன்னாரு. அப்படியே அடுத்த பெஞ்சுக்குப் போயிட்டாரு. அந்த ‘அதாவது’ மட்டும் வேற மாதிரி இருந்தது. எனக்கு இன்னும் அது சரியா வரலை.

இப்போ இந்த வாரத்துக்கு வரேன். அந்த அம்மா போன் பண்ணினதும் வேலையை ஆரம்பிச்சேன். எங்க அத்தா போன்ல எல்லார் குரலும் பதிவு பண்ணி வச்சிருக்கேன். ஹெச்.எம்., சார், பியூன், எங்க பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற மோதினார் தும்முறது வரைக்கும் இருக்கு. ஜக்கையன் மட்டும் இல்லை. பக்கத்துலயே உட்கார்ந்திருக்கிறவனை எவன் பதிவு பண்ணுவான்? சரி, ஞாபகத்துல இருந்து பண்ணிக்கலாம்னு கோழிக்கூண்டு முன்னாடி உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். குரலை இறக்கினேன். மூக்குல கொஞ்சம் விட்டேன். வகுப்புல பசங்ககிட்ட போட்டுக் காட்டினேன். ஒருத்தன், ‘காய்ச்சல் வந்த ஹெச்.எம். மாதிரி இருக்குடா’ன்னான். காய்ச்சல்னு சொன்னதும் எல்லாரும் தரையைப் பார்த்தானுங்க.

துண்டு கிடைக்கலைண்ணே. மேல கோடு போட ஒண்ணுமே கிடைக்கலை. சரி, 22/7 போதும்னு முடிவு பண்ணினேன். பாவம், அந்த அம்மாவுக்கு எங்கே தெரியப் போகுது? மூணாவது இடம் வரைக்கும் யாரு பார்ப்பா?

அந்த அம்மா இப்போ போடியில அவங்க அண்ணன் வீட்டுல இருக்காங்க. ஏலக்காய்க் கம்பெனியில தரம் பிரிக்கிற வேலை. கதவைத் திறந்ததுமே வீடெல்லாம் பாயசம் மாதிரி வாசனை. அத்தா கொடுத்துவிட்ட முட்டையை வாங்கிக்கிட்டு, ‘வா சாமி, சாப்பிட்டியா’ன்னாங்க. சுவத்துல அவன் படம். பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெருசாக்கி, பிளாஸ்டிக் மாலை போட்டு, கீழே ஒரு சின்ன விளக்கு. அண்ணே, செத்தவங்க படத்துல எல்லாரும் முறைச்சுக்கிட்டுத்தானே இருப்பாங்க? இவன் சிரிப்பை அடக்கிக்கிட்டு நிக்கிறான். உதட்டை இறுக்கிக்கிட்டு, கண்ணு ரெண்டும் இடுங்கி. அது என் வேலை. போட்டோக்காரருக்குப் பின்னாடி நின்னு ‘ம்ஹும், மாணவச் செல்வங்களே’ன்னேன். இன்னும் ஒரு நொடி விட்டிருந்தா வெடிச்சிருப்பான், அதுக்குள்ள எடுத்துட்டாரு.

அம்மா என் எதிர்ல உட்கார்ந்தாங்க. சேலைத் தலைப்பைச் சரி பண்ணிக்கிட்டாங்க, யாரோ பெரியவங்க வர்ற மாதிரி. ‘பேசு சாமி’ன்னாங்க.

நான் கண்ணை மூடிக்கிட்டு, குரலை இறக்கி, ‘அம்மா, பசிக்குது’ன்னேன்.

எல்லாப் பிள்ளையும் சொல்றதுதானே? அதனாலதான் அதை எடுத்தேன். ‘அவன் பசிக்குதுன்னு சொன்னதே இல்லையே சாமி. சட்டியைத் திறந்து பார்ப்பான். பார்த்துட்டு, உனக்கு இருக்கான்னு கேட்பான்’னாங்க.

உடனே மாத்தினேன். ‘உனக்கு இருக்காம்மா?’

தலையை ஆட்டினாங்க. இல்லைன்னு.

‘உனக்கு இருக்கா?’ கொஞ்சம் மூக்குல.

‘நல்லா இருக்கு சாமி. ஆனா அவன் இல்லை.’

ஜனம் கைவிட்டா உடனே ஐட்டத்தை மாத்தணும், அது எனக்குத் தெரியும். ஹெச்.எம்.மைப் போட்டேன். சாரைப் போட்டேன், கண்டக்டரைப் போட்டேன், எங்க அத்தாவைப் போட்டேன். அவங்க அண்ணன் பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சுதுங்க. அம்மாவும் சிரிச்சாங்க, மரியாதைக்கு. ‘இதெல்லாம் வீட்டுல வந்து சொல்லுவான். சொல்லத் தெரியாது அவனுக்கு. சொல்லும்போதே சிரிச்சிருவான், நடுவுல எனக்கு ஒண்ணும் புரியாது’ன்னாங்க.

அவ்வளவுதான். தோத்துட்டேன். எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு, ‘அப்போ நான் கிளம்பறேம்மா’ன்னேன். வாசல்கிட்ட வந்து செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். காத்துல விளக்குச் சுடர் படத்துப் பக்கமா சாயுது. ‘விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைங்கம்மா, மாலை உருகிரும்’னேன்.

அண்ணே, நல்லாக் கேட்டுக்கோங்க. நான் எந்தக் குரலும் போடலை. இப்போ உங்ககிட்ட பேசறேன்ல, இதே குரல். என் குரல். செருப்பைப் பார்த்துக்கிட்டே சொன்னேன்.

அந்த அம்மா அப்படியே சுவரோட சரிஞ்சு உட்கார்ந்துட்டாங்க. வாயில தலைப்பை வச்சு அடைச்சுக்கிட்டாங்க. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வருது, அதை என்னால செஞ்சு காட்ட முடியாது, கேட்காதீங்க. பிள்ளைங்க எல்லாம் பயந்துருச்சுங்க. ‘என்னம்மா, என்னாச்சு’ன்னு ஓடிப் போனேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘இன்னொரு தடவை சொல்லு சாமி’ன்னாங்க.

‘எதைம்மா?’

‘இப்போ சொன்னியே.’

‘விளக்கைத் தள்ளி வைங்கம்மா, மாலை உருகிரும்.’

அப்புறம் கையை விட்டுட்டாங்க. ‘இல்லை. இப்போ இல்லை’ன்னாங்க.

அதே வார்த்தை! அதே தொண்டை! நடுவுல ஒரு நிமிஷம்கூட ஆகலை. மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தேன், மெதுவா, வேகமா, செருப்பைப் பார்த்து, படத்தைப் பார்த்து. ஒவ்வொண்ணுக்கும் தலையை ஆட்டுறாங்க. கடைசியில அவங்களே எழுந்து விளக்கைத் தள்ளி வச்சுட்டு, கையில ஒரு பொட்டலம் ஏலக்காய் கொடுத்து, ‘அடுத்த மாசமும் வா சாமி. யாரு குரலும் போட வேண்டாம், சும்மா வந்துட்டுப் போ’ன்னாங்க.

யாரு குரலும் போடாம நான் எதுக்குண்ணே? என்கிட்ட வேற என்ன இருக்கு? அவன் குரலைக் கேட்கணும்னு கூப்பிட்டாங்க, கொடுக்க முடியலை. அப்புறம் சும்மா பேசினதுக்கு எதுக்கு அப்படி அழணும்? போடியில இருந்து இதையேதான் நினைச்சுக்கிட்டு வரேன். என் குரல்ல என்ன இருக்கு? எனக்குன்னு ஒரு துண்டுகூடக் கிடையாது. பசங்ககூடச் சொல்லுவானுங்க, ‘மைக்கு எல்லாரையும் பண்றான், மைக்கைத்தான் எவனாலயும் பண்ண முடியலை’ன்னு.

என்னண்ணே, நீங்க ஏன் ஒரு மாதிரி பார்க்கறீங்க? கண்ணுல தூசியா? சன்னல் பக்கம் உட்கார்ந்தா அப்படித்தான். நீங்களாவது சொல்லுவீங்கன்னு பார்த்தேன். சரி விடுங்க. நீங்க ஜக்கையனைக் கேட்டதே இல்லையே, உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் எதைப் பேசிக் காட்டி இதுதான் ஜக்கையன்னு சொன்னாலும் நீங்க நம்பித்தானே ஆகணும். ஜக்கையன் எனக் கொள்க.

கோம்பை தாண்டிட்டோம். அதோ வாய்க்கால் பாலம், பாளையம் வந்துருச்சு. அத்தா இந்நேரம் கடையைக் கழுவி விட்டுக்கிட்டு இருப்பாரு. ‘எப்படிடா பேசின’ன்னு கேட்க மாட்டாரு, அது ஒண்ணு நிம்மதி.

வரேண்ணே. கடிகாரத்தை நிக்க வைக்காம மடியில படுக்க வச்சுக்கோங்க, அடுத்த வளைவுல சரிஞ்சிரும்.